இரண்டு எண்களுக்கு நடுவே என்ன தொலைகிறது?

'டிஜிட்டல்' என்ற சொல் ஒட்டாத இடம் இப்போது நம் ஊர்களில் இல்லை. ஹட்டன் கடைத்தெருவில் டிஜிட்டல் ஸ்டூடியோ, கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு, தேர்த் திருவிழாவுக்கு டிஜிட்டல் சவுண்ட். சரி, அது உள்ளே என்ன செய்கிறது என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சத்தத்தைத் துண்டு துண்டா வெட்டி எண்ணா மாத்துறாங்க. வெட்டுன இடத்துல கொஞ்சம் போயிடும். அதான் பழைய ரெக்கார்டுல இருந்த உயிர் இதுல இல்ல." சவுண்ட் கட்டுகிறவர் இப்படிச் சொல்வார், போன் கடைக்காரர் சொல்வார், பேராதனையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகூடச் சில சமயம் சொல்லும்.

எண்ணாக மாற்றுகிறார்கள் என்பது சரி. வெட்டிய இடத்தில் போய்விடும் என்பதுதான் சிக்கல். ஒரு நிபந்தனையை மட்டும் காப்பாற்றினால், இரண்டு எண்களுக்கு நடுவே எதுவுமே தொலைவதில்லை. கேட்கும்போது நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் டிஜிட்டல் சமிக்ஞைச் செயலாக்கம் என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக எடுக்கப்போகிறவர்களுக்கும், இது என்னதான் என்று சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. வகுத்தல் தெரிந்தால் போதும், அதற்கு மேல் கணிதம் தேவையில்லை.

## சமிக்ஞை

நேரம் போகப் போக மாறிக்கொண்டிருக்கும் எந்த அளவும் சமிக்ஞைதான். மைக்குக்கு முன்னால் பேசினால் காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. மைக் அதை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. அந்த மின்னழுத்தம் ஒரு சமிக்ஞை. இதயத் துடிப்பை வரையும் ஈசிஜி ஒரு சமிக்ஞை. மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவில் வைத்த மழைமானி காட்டும் அளவும் சமிக்ஞைதான்.

ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் சமிக்ஞை ஒரு நொடிக்கு எத்தனை முறை திரும்புகிறதோ, அது அதன் மீடிறன். அதிர்வெண் என்றும் சொல்வார்கள். நொடிக்கு ஒரு முறை என்றால் ஒரு ஹேர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஆடுகிறது, ஆகவே 50 ஹேர்ட்ஸ். நல்ல காதுள்ள இளைஞருக்கு ஏறக்குறைய 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும்.

ஒலி வேகமாக ஆடுவதால் மனதில் நிறுத்திப் பார்ப்பது கடினம். ஆகவே மிக மெதுவாக ஆடும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

## வெப்பமானியும் ஒரு கொப்பியும்

நுவரெலியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வெப்பமானி ஒன்று தொங்குகிறது, பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு முறை யாராவது வந்து வெப்பநிலையைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். பகலில் இருபதை ஒட்டிப் போகும், இரவில் பத்துக்குப் பக்கத்தில் இறங்கும். கணக்குக்கு வசதியாக, மதியம் இரண்டு மணிக்கு உச்சம், இரவு இரண்டு மணிக்கு அடி, நடுவில் ஒழுங்கான அலை என்று எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் குளிர் உச்சத்துக்கு வருவது விடியப்போகும் நேரத்தில்தான். தொழிற்சாலை ஆட்கள் என்னை மன்னிக்கட்டும்.

வெப்பநிலை ஒரு நிமிடம்கூட நிற்காமல் மாறிக்கொண்டிருக்கிறது. கொப்பியில் இருப்பதோ ஒரு நாளைக்கு 24 எண்கள். இப்படித் தொடர்ந்து மாறும் ஒன்றைக் குறித்த இடைவெளிகளில் மட்டும் அளந்து எழுதுவதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். எழுதிய ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி. ஒரு நொடிக்கு எத்தனை மாதிரி என்பது மாதிரி வீதம். நம் கொப்பிக்கு அதை மணிக்கு ஒன்று என்று சொல்லிக்கொள்ளலாம். போனில் குரல் பதிவாகும்போது நடப்பதும் இதேதான், வேகம் மட்டும் அதிகம். இசைத் தட்டான சிடிக்கு ஒரு நொடிக்கு 44,100 மாதிரி. பழைய தொலைபேசிக் கட்டமைப்பில் ஒரு நொடிக்கு 8,000.

மணிக்கு ஒன்று எழுதிய 24 எண்களையும் வரைபுத்தாளில் புள்ளியாக வைத்தால், நாளின் அலை பளிச்சென்று தெரியும். புள்ளிகளை வளைகோட்டால் இணைக்க யாருக்கும் தயக்கம் வராது. இது வரைக்கும் பிரச்சினை இல்லை.

## இருபத்தைந்து மணிக்கு ஒரு முறை எழுதினால்

இப்போது கொப்பி எழுதுகிறவருக்குச் சோம்பல் வந்துவிட்டது. தினமும் மதியம் இரண்டு மணிக்கு மட்டும் வந்து எழுதுகிறார். கொப்பியைத் திறந்தால் 20, 20, 20, 20. இதை மட்டும் பார்க்கிற ஒருவர், நுவரெலியாவில் இரவும் பகலும் ஒரே வெப்பநிலை என்று முடிவு கட்டுவார். போர்வை எடுக்காமல் வந்து இறங்குவார்.

இது புரிகிறது, மாதிரி போதவில்லை. அடுத்ததுதான் சுவாரசியமானது. அவர் 25 மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிறார் என்று வையுங்கள். திங்கள் மதியம் இரண்டு மணி, செவ்வாய் மூன்று மணி, புதன் நான்கு மணி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கொப்பியில் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பன்னிரண்டாவது தடவை தள்ளும்போது இரவு இரண்டு மணிக்கு வந்து நிற்கிறார். எண் அடியைத் தொடுகிறது. அப்புறம் மெல்ல ஏறும். இருபத்துநான்கு தடவை தள்ளினால் மறுபடி மதியம் இரண்டு மணி. அதற்குள் ஓடிய நேரம் 24 × 25 = 600 மணி, அதாவது 25 நாள்.

கொப்பியைப் பார்த்தால் ஓர் அழகான, ஒழுங்கான அலை இருக்கும். ஆனால் அது சொல்லும் கதை: நுவரெலியாவில் பன்னிரண்டரை நாள் விடாமல் குளிர்கிறது, அப்புறம் பன்னிரண்டரை நாள் விடாமல் சூடாகிறது. அப்படி ஓர் அலை இந்த உலகத்திலேயே கிடையாது. எழுதிய ஒவ்வோர் எண்ணும் உண்மை, வெப்பமானியும் சரியாக வேலை செய்கிறது. ஆனாலும் மொத்தமாகப் பொய்.

23 மணிக்கு ஒரு முறை வந்தால் இன்னும் வேடிக்கை. மதியம் இரண்டு, மறுநாள் ஒரு மணி, அதற்கு மறுநாள் பன்னிரண்டு என்று நாள் பின்னோக்கி ஓடும். 23 நாளில் ஒரு சுற்று முடியும், அதுவும் தலைகீழ் வரிசையில். மின்விசிறியைப் போனில் வீடியோ எடுத்தால் இறக்கைகள் சில சமயம் எதிர்ப்பக்கம் சுற்றுவது போலத் தெரிகிறதே, அதற்கும் இதுவே காரணம். கேமராவும் குறித்த இடைவெளியில் படம் எடுக்கிற ஒரு கொப்பிதான்.

வேகமான அலை ஒன்று, போதாத மாதிரிகளால் மெதுவான அலையாக வேடம் போட்டு வருவதை மாற்றுரு என்று சொல்லலாம். கணக்கு எளிது: உண்மையான மீடிறனுக்கும் மாதிரி வீதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே வேடத்தின் மீடிறன். 8,000 வீதத்தில் 5,000 ஹேர்ட்ஸ் ஒலியைப் பதிவு செய்தால், 8,000இலிருந்து 5,000 போக 3,000 ஹேர்ட்ஸ் ஒலியாகக் கேட்கும். மங்கலாகவோ கரகரப்பாகவோ கேட்காது, சுத்தமான வேறொரு சுருதியாகவே கேட்கும்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் பொதுவான புரிதல் சறுக்குவது இங்கேதான். மாதிரி போதாவிட்டால் நடப்பது 'கொஞ்சம் தொலைவது' இல்லை. இல்லாத ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. தொலைந்தது தெரிந்தால் தேடலாம். வேடம் போட்டு வந்ததை அந்தக் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதுவரை பார்த்தது: நேரத்தோடு மாறுவது சமிக்ஞை. அதைக் குறித்த இடைவெளியில் அளப்பது மாதிரி எடுத்தல். அடிக்கடி அளக்காவிட்டால் வேகமான அலை மெதுவான அலையாக மாற்றுருக் கொண்டுவிடும்.

## அப்படியானால் எவ்வளவு அடிக்கடி?

ஓர் அலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரி வேண்டும். இதுதான் விதி. 24 மணி நேர அலைக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி தேவை.

'இரண்டு' போதும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சரியாக இரண்டு போதாது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மட்டும் எழுதிப் பாருங்கள். நாம் வைத்துக்கொண்ட அலை, உச்சத்துக்கும் அடிக்கும் நடுவே சராசரியைக் கடப்பது சரியாக அந்த இரண்டு நேரங்களில்தான். கொப்பியில் மறுபடியும் ஒரே எண். அதனால் 'இரண்டு மடங்கு' என்று மனப்பாடம் செய்யாமல் 'இரண்டு மடங்குக்கும் மேல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் இந்த ஒரு சொல்லுக்குப் புள்ளி போகும்.

மாதிரி வீதத்தின் பாதியை நைக்விஸ்ட் மீடிறன் என்பார்கள். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்தி அனுப்புவது பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பெயர். முழுத் தேற்றத்தையும் தகவல் தொடர்புக்குப் பொருந்தும்படி தெளிவாக எழுதியவர் கிளாட் ஷானன், 1949இல். அதற்கு முன்பே 1933இல் சோவியத் நாட்டில் கோத்தெல்னிக்கோவ் இதை எழுதிவிட்டார். 1915இல் விட்டேக்கர் என்ற கணித அறிஞர் இதன் கணிதப் பக்கத்தைத் தொட்டிருந்தார். ஒரே விஷயத்துக்குப் பாடநூல்களில் நான்கு பெயர் மாறி மாறி வந்தால் குழம்ப வேண்டாம்.

தேற்றம் சொல்வது இது: ஒரு சமிக்ஞையில் உள்ள எல்லா அலைகளின் மீடிறனும் நைக்விஸ்ட் மீடிறனுக்குக் கீழே இருந்தால், அந்த மாதிரிகளிலிருந்து முழுச் சமிக்ஞையையும், நடுவில் இருந்த ஒவ்வொரு கணத்தையும் சேர்த்து, அப்படியே திரும்பப் பெறலாம். ஏறக்குறைய என்று இல்லை, அப்படியே. நான் ஆரம்பத்தில் சொன்ன ஒரே நிபந்தனை இதுதான்.

## படிக்கட்டு எங்கே போயிற்று?

டிஜிட்டல் ஒலியை விளக்கும் படங்களில் வழவழப்பான ஒரு வளைகோடும், அதன் மேல் படிக்கட்டு மாதிரி ஒரு கோடும் இருக்கும். வளைகோடு அனலொக் (எண்ணாக மாற்றாத பழைய முறை), படிக்கட்டு டிஜிட்டல் என்று எழுதியிருக்கும். நம் தலைமுறை முழுவதையும் குழப்பியது அந்தப் படம் என்பது என் கட்சி.

கொப்பியில் படிக்கட்டு கிடையாது, புள்ளிகள்தான் இருக்கின்றன. இரண்டு மணிக்கு 20, மூன்று மணிக்கு 19.8. இரண்டரை மணிக்கு 20ஆகவே நின்றது என்று கொப்பி எங்கும் சொல்லவில்லை. அந்த நேரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் புள்ளிகள் வழியே எத்தனையோ கோடுகள் வரையலாமே, எது சரி என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. புள்ளிகள் வழியே வளைந்து நெளிந்து எண்ணற்ற கோடுகள் வரையலாம் என்பது உண்மை. ஆனால் நைக்விஸ்ட் மீடிறனுக்கு மேல் எந்த அலையும் இல்லை என்ற நிபந்தனையைப் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு கோடு. மற்ற எல்லாக் கோடுகளிலும் எங்காவது ஒரு வேகமான நெளிவு ஒளிந்திருக்கும். நிபந்தனை அவற்றைத் தள்ளிவிடுகிறது. உண்மையான சமிக்ஞையும் நிபந்தனைக்கு உட்பட்டது, மிஞ்சிய கோடும் உட்பட்டது, அப்படிப்பட்ட கோடு ஒன்றுதான் உண்டு. ஆகவே இரண்டும் ஒன்றே.

அந்தக் கோட்டை வரைய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குறிப்பிட்ட வடிவ அலையை நிறுத்த வேண்டும். தன் புள்ளியில் அது முழு உயரம் இருக்கும். மற்ற எல்லாப் புள்ளிகளிலும் சரியாகப் பூச்சியமாக இருக்கும். இரு பக்கமும் ஆடி ஆடி அடங்கும். இதற்கு சிங்க் சார்பு என்று பெயர். எல்லாப் புள்ளிகளின் சிங்க் அலைகளையும் கூட்டினால் பழைய சமிக்ஞை திரும்பி வரும். கருவிகள் நடைமுறையில் இதை இன்னும் சிக்கனமாகச் செய்கின்றன: எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சில்லில் (சிப்) ஒரு கட்டத்தில் படிக்கட்டு உண்டாகலாம், ஆனால் அதன் கூர்மையான முனைகள் எல்லாம் நைக்விஸ்டுக்கு மேலுள்ள மீடிறன்களால் ஆனவை. அவற்றை ஒரு வடிகட்டி சீவிவிடுகிறது. ஸ்பீக்கருக்குப் போவது வழவழப்பான கோடுதான்.

இதைக் கேட்ட பிறகும் ஒரு சந்தேகம் வரும். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது அடிக்கும் தப்பை நினைத்துப் பாருங்கள். அடி கண நேரத்தில் விழுந்து முடிந்துவிடுகிறது. அது சரியாக இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் விழுந்தால் நேரம் பிசகிவிடாதா? சிடி வீதத்தில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் 23 பங்கு அளவு. அடி அதற்கும் நடுவில் விழலாம். ஆனால் நிபந்தனைக்கு உட்பட்ட எந்த அடியும் ஊசிமுனை மாதிரி ஒற்றைக் கணத்தில் இருக்க முடியாது. முன்னும் பின்னும் பரவித்தான் இருக்கும். அடி இம்மி தள்ளி விழுந்தாலும் சுற்றியுள்ள பல மாதிரிகளின் மதிப்பு சேர்ந்து மாறும். அந்த மாற்றத்தில் அடி விழுந்த நேரம் பதிந்திருக்கிறது. ஆகவே மாதிரி இடைவெளியை விடச் சின்ன நேர வித்தியாசங்களும் காப்பாற்றப்படுகின்றன.

## வாசலில் நிற்கும் வடிகட்டி

நிபந்தனையை யார் காப்பாற்றுவது? மாதிரி வீதம் 8,000 என்றால் நைக்விஸ்ட் மீடிறன் 4,000; உலகம் நமக்காக 4,000 ஹேர்ட்ஸுக்கு மேல் சத்தம் போடாமல் இருக்காது. அதனால் மாதிரி எடுப்பதற்கு முன்பே நைக்விஸ்டுக்கு மேலுள்ளவற்றைத் தடுக்க வேண்டும். அதைச் செய்வது மாற்றுருத் தடுப்பு வடிகட்டி. மாதிரி எடுப்பதற்கு முன் என்பதுதான் இங்கே உயிர். எடுத்த பிறகு எவ்வளவு திறமையான மென்பொருளைக் கொண்டுவந்தாலும், வேடத்தையும் நிஜத்தையும் பிரிக்க வழியில்லை.

எந்த வடிகட்டியும் ஒரே வெட்டாக வெட்டாது, கொஞ்சம் சரிவு தேவை. அதனால்தான் மனிதக் காதின் 20,000 எல்லைக்கு 40,000 என்று வைக்காமல் சிடியில் 44,100 வைத்து, அந்தச் சரிவுக்கு இடம் விட்டார்கள். 192,000 வீதத்தில் பதிவு செய்தால் 'நடுவே உள்ள இடைவெளி நிரம்பும்' என்று விளம்பரம் செய்வார்கள். நிரப்ப அங்கே எதுவும் காலியாக இல்லை. ஸ்டூடியோவில் ஒலியோடு பலமுறை மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உயர்ந்த வீதம் வசதி தரும். கேட்க மட்டும் போகிறவர் அந்தக் காசை நல்ல ஹெட்போனுக்குக் கொடுக்கலாம்.

தொலைபேசியில் வடிகட்டி இன்னும் கடுமையானது. பழைய தொலைபேசித் தடம் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் விடும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் வேறுபாடு பெருமளவு அதற்கு மேலே இருக்கிறது. வங்கிக்குப் போன் செய்து பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது 'எஸ்' என்பதை 'எஃப்' என்று எழுதிக்கொள்கிறார்களே, அதற்குக் காரணம் இந்த வடிகட்டி. மாதிரிகளுக்கு நடுவே தொலைந்தது எதுவும் இல்லை. வாசலிலேயே தெரிந்தே தடுக்கப்பட்டது.

சுருக்கமாக: நிபந்தனைக்கு உட்பட்ட சமிக்ஞையில் நடுவே எதுவும் தொலையாது. நிபந்தனையைக் காப்பாற்ற, மாதிரி எடுக்கும் முன் ஒரு வடிகட்டி வேண்டும். தொலைவது அந்த வடிகட்டிக்கு வெளியே நின்றதுதான்.

## உண்மையில் தொலையும் இடம்

அப்படியானால் டிஜிட்டலில் இழப்பே இல்லையா? உண்டு. ஆனால் நேரத்தில் இல்லை, உயரத்தில்.

வெப்பமானி 17.3682 என்று காட்டினாலும் கொப்பியில் 17.4 என்றுதான் எழுதுவோம். கிட்டிய படிக்கு முழுமைப்படுத்துகிறோம். இதற்குச் சொட்டாக்கம் என்று பெயர். கணினியில் படிகளின் எண்ணிக்கையை பிட்டுகள் தீர்மானிக்கின்றன. பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் இருந்தால் 256 படி, பதினாறு பிட் இருந்தால் 65,536 படி. ஒவ்வொரு மாதிரியிலும் அதிகபட்சம் அரைப் படி பிழை வரும். அந்தப் பிழை போனது போனதுதான், எந்தத் தேற்றமும் திருப்பித் தராது.

இந்தப் பிழை காதில் எப்படிக் கேட்கும்? ஒலி போதிய அளவு பெரிதாகவும் சிக்கலாகவும் இருந்தால் பிழை எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறும், பின்னணியில் மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சலாகக் கேட்கும். ஒவ்வொரு பிட் கூடும்போதும் படியின் அளவு பாதியாகிறது, இரைச்சல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்குகிறது. டெசிபல் என்பது இரண்டு ஒலி அளவுகளின் விகிதத்தைச் சொல்லும் அலகு. சிடியின் 16 பிட்டில் உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் ஏறக்குறைய 96 டெசிபல் வித்தியாசம். கேசட் நாடாவின் சொந்த இரைச்சல் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

தொலைபேசியில் ஒரு மாதிரிக்கு 8 பிட்தான், ஒரு நொடிக்கு 8 × 8,000 = 64,000 பிட். படிகளைச் சமமாக வைக்காமல், மெல்லிய ஒலிக்குச் சின்னப் படியும் பெரிய ஒலிக்குப் பெரிய படியுமாக வைத்துச் சமாளித்தார்கள்.

தேர்த் திருவிழா வீடியோவில் மேளம் கிழிந்து கேட்கிறதென்றால் அது வேறு விஷயம். ஒலி கடைசிப் படியையும் தாண்டிவிட்டது. அதற்கு மேல் எண் இல்லாததால் அலையின் தலை தட்டையாகிவிடுகிறது. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்ததன் விளைவு. வாட்ஸ்அப்பில் ஐந்து கை மாறி வந்த பாட்டு உப்புச் சப்பில்லாமல் இருப்பதும் மாதிரி எடுத்ததால் இல்லை. கோப்பைச் சிறிதாக்க ஒலியின் பகுதிகளை வேண்டுமென்றே தூக்கிப்போட்ட சுருக்கத்தால். டிஜிட்டலில் உயிர் இல்லை என்கிறவர்கள் பெரும்பாலும் கேட்டது இந்த இரண்டில் ஒன்றைத்தான். பழி மட்டும் மாதிரி எடுத்தலின் தலையில் விழுகிறது.

## எண்ணான பிறகு என்ன செய்வது

இதுவரை சொன்னது 'டிஜிட்டல் சமிக்ஞை'. பாடத்தின் பெயரில் 'செயலாக்கம்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. எண்களாகிவிட்ட சமிக்ஞையை வைத்துக் கூட்டல், பெருக்கல் செய்வதுதான் அது. பயப்பட ஒன்றுமில்லை.

கொப்பிக்கே வருவோம். ஒவ்வொரு மணிக்கும், இப்போதைய எண், போன மணியின் எண், அதற்கு முந்தைய மணியின் எண் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். இது நகரும் சராசரி. பனிமூட்டம் வந்து போனதால் ஏற்பட்ட திடீர்ச் சரிவுகள் தணிந்துவிடும், நாளின் பெரிய அலை அப்படியே இருக்கும். நீங்கள் ஒரு டிஜிட்டல் வடிகட்டியைக் கட்டிவிட்டீர்கள்.

இந்தச் சின்ன வடிகட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பாடத்தின் பாதி அதற்குள் இருக்கிறது. 24 மணி நேர அலை இதன் வழியாகப் போனால் அதன் வீச்சில் (அலையின் உயரத்தில்) ஏறக்குறைய 98 சதவீதம் மிஞ்சும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஆடும் அலை போனால் முற்றாக அழியும், ஏனென்றால் அதன் ஒரு முழுச் சுற்றின் மூன்று எண்களும் கூட்டும்போது அடிபட்டுப் போகின்றன. மீடிறன் கூடக் கூட அடி பலமாக விழும் என்று நினைப்போம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஆடும் இன்னும் வேகமான அலை அழிவதில்லை. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது, அதுவும் தலைகீழாக. வெளியே வரும் எல்லாமே ஒரு மணி நேரம் தாமதமாக வருகின்றன. எந்த மீடிறனை எவ்வளவு விடுகிறது, எவ்வளவு தாமதிக்கிறது என்ற இந்த விவரத்துக்கு மீடிறன் துலங்கல் என்று பெயர். விரிவுரையாளர் கரும்பலகையில் நீளமாக எழுதப்போகும் சூத்திரங்களில் பல இதைக் கணக்கிடத்தான்.

ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்குமே, மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும் மைக் கம்பியில் புகுந்த சத்தம். நகரும் சராசரியால் அதை அழிக்கலாமா? 8,000 வீதத்தில் 50 ஹேர்ட்ஸின் ஒரு சுற்றுக்கு 160 மாதிரி. 160 எண்களின் சராசரி எடுத்தால் 50உம், 100, 150 என்று அதன் எல்லா மடங்குகளும் முற்றாக அழியும். கூடவே பேச்சும் அழியும், ஏனென்றால் அத்தனை நீளச் சராசரியில் குரலின் வேகமான அலைகள் எதுவும் தப்பாது. நோயோடு நோயாளியும் போன கதை. ஒரு மீடிறனையும் அதன் மிகக் குறுகிய சுற்றுவட்டத்தையும் மட்டும் பள்ளம் தோண்டுவது போல நீக்கும் வடிகட்டி இதற்கு வேண்டும். அது உள்ளே வந்த எண்களோடு, தான் முன்பு வெளியே அனுப்பிய எண்களையும் சேர்த்துக் கணக்குப் போடும். தன் விடையைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதால் இதைப் பின்னூட்டம் என்கிறோம். இதன் ஆபத்து, பெருக்கும் எண்களைத் தவறாகத் தேர்ந்தால் விடை அடங்காமல் பெருகிக்கொண்டே போகும்.

## எந்த அலை எவ்வளவு?

கடைசியாக ஒரு கருவி. ஒரு சமிக்ஞையில் எந்தெந்த மீடிறன் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு பூரியே மாற்றம் என்று பெயர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூரியேயின் வேலையிலிருந்து வந்தது. அவருடைய நூல் 1822இல் வெளியானது. செய்முறை: சந்தேகப்படும் ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு சுத்த அலையை எடுத்து, அதை நம் எண்களோடு ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டுவது. ஒத்துப்போனால் கூட்டுத்தொகை பெரிதாகும், ஒத்துப்போகாவிட்டால் கூட்டலும் கழித்தலும் அடிபட்டுப் பூச்சியத்தை நெருங்கும். நம் கொப்பியின் ஒரு மாத எண்களுக்கு இதைச் செய்தால் 24 மணி நேர இடத்தில் ஒரு பெரிய கோடு எழுந்து நிற்கும்.

1,024 எண்களுக்கு இதை நேரடியாகச் செய்தால் 1,048,576 பெருக்கல். 1965இல் கூலி, டியூக்கி என்ற இருவர் வெளியிட்ட வழியில் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும் அளவு வேலையே போதும். ஒரே பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர்த்து, வேலையைப் பாதி பாதியாகப் பிரிப்பதுதான் நுட்பம். இதற்கு விரைவுப் பூரியே மாற்றம் என்று பெயர். இதே எண்ணம் காவுஸ் என்ற கணித மேதையின் 1805ஆம் ஆண்டளவிலான குறிப்புகளில் இருந்தது என்பது பின்னர்தான் கவனத்துக்கு வந்தது. போனில் நாம் பயன்படுத்தும் பல வேலைகள் சாத்தியமானதற்கு இந்த நூறு மடங்குச் சேமிப்பு ஒரு பெரிய காரணம்.

## கையால் செய்து பார்க்க

பாடம் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். மடிக்கணினியில் ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருள் அல்லது பைதான் என்ற நிரல்மொழி, இரண்டும் இலவசம், எது இருந்தாலும் சரி. மாதிரி வீதத்தை 8,000 என்று வையுங்கள். 500 ஹேர்ட்ஸில் தொடங்கி 1,000, 2,000, 3,000 என்று சுத்த அலைகளின் மாதிரிகளைக் கணக்கிட்டு ஒலிக்க விடுங்கள். சுருதி ஏறிக்கொண்டே போகும். 4,000ஐத் தாண்டி 5,000 என்று கொடுங்கள், சுருதி இறங்கிவிடும். 6,000 கொடுத்தால் 2,000 போலவே கேட்கும். 7,000 கொடுத்தால் 1,000. அந்த இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். கொசைன் அலையாக (உச்சத்தில் தொடங்குவது) எடுத்திருந்தால் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சைன் அலையாக (பூச்சியத்தில் தொடங்குவது) எடுத்திருந்தால் கூட்டல் கழித்தல் குறி மட்டும் மாறியிருக்கும். அது ஏன் என்பதை 23 மணிக் கொப்பியை வைத்து நீங்களே யோசிக்கலாம்.